முதல் ஜாப்பில் அரை எம்எம் விட்டு வையுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது. டர்னர் வேலை, அதாவது லேத் மெஷினில் இரும்பைச் சுழலவிட்டு அளவுக்கு வெட்டும் வேலை, பிறவியிலேயே கையில் இருக்க வேண்டும், சொல்லிக்கொடுத்தெல்லாம் வராது என்பார்கள். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று கோயம்புத்தூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் "அவருக்குக் கை அப்படிங்க" என்று யாராவது ஒருவரைக் காட்டுவார்கள். அதே பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் நாலு ஜாப்பை, அதாவது வெட்டக் கொடுத்த உருப்படியை, கெடுத்துவிட்டால் "இவனுக்கு இது வராது, டெலிவரி வேலைக்குப் போடுங்க" என்று முதல் வாரமே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

வராது என்று ஒதுக்கப்பட்டவனுக்கு இதனால் என்ன கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். கை நன்றாக இருக்கிறது என்று பெயரெடுத்தவனுக்கு வரும் கெடுதலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்.

ஐடிஐயில் டர்னர் படித்துவிட்டு, பம்ப் ஷாஃப்ட், புஷ், மோட்டார் உதிரிகள் என்று ஜாப் ஒர்க் பட்டறைகளில் பல வருடம் லேத் ஓட்டினேன். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவேன். ஹெச்எஸ்எஸ் எஃகு டூலில் வெட்டும்போது இரும்புச் சுருள் நீலம் பாய்ந்து வந்தால் ஸ்பீடைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகவே போகும். சிக்கலான ஜாப் வந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். அந்தப் பெருமை சம்பளத்தைவிட ருசியாக இருந்தது.

அப்புறம் எங்கள் முதலாளி பழைய சிஎன்சி டர்னிங் மெஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் லேத், ஒன்றை வாங்கிப் போட்டார். அதன் கன்ட்ரோல் ஃபனுக் கம்பெனியுடையது. மூத்த டர்னர்கள் யாரும் அதன் பக்கமே போகவில்லை. "பட்டன் அமுக்கற வேலைக்கு எதுக்குங்க டர்னரு?" என்று சிரித்துக்கொண்டோம். உள்ளே இருந்த காரணம் வேறு. லேத் முன்னால் நின்றால் பத்துப் பேர் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். அந்த ஸ்கிரீன் முன்னால் நின்றால், டீ வாங்கப் போகும் பையனுக்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியாது. நாலு பேர் பார்க்க அங்கே போய் முழிக்க வேண்டும். நாற்பதை நெருங்கும் வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஆர்டர்தான். ஷாஃப்ட் வேலையெல்லாம் மெல்ல மெல்ல சிஎன்சிக்குப் போனது. லேத்துக்கு வருவது ரிப்பேரும் ஒற்றை ஜாப்பும் என்று சுருங்கிக்கொண்டே போனது. மனசு தயாரான பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் பலரைப் பார்க்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு வேறு வழியில்லாமல் போய் நின்றது முதலில் நடந்தது. கொஞ்சம் வேலை பிடிபட்டது. "நமக்கும் வரும் போலிருக்கே" என்ற எண்ணம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

செட்டராக, அதாவது புது ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்பவனாக, இருந்த தம்பிக்குத் திண்டுக்கல் பக்கம். டிப்ளமோ முடித்தவன், என்னைவிட ரொம்பவே இளையவன். வாய் நிறைய "அண்ணா" என்பான், சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. நான் புரோகிராமில் மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் ஜி, எம் கோடுகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஜி00 சும்மா வேகமாகப் போவது, ஜி01 வெட்டிக்கொண்டே போவது, ஜி02, ஜி03 வளைவுக்கு, எம்03 ஜாப்பைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்ற, எம்30 புரோகிராம் முடிய. அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கோடெல்லாம் புக்குல இருக்குங்கண்ணா. மொதல்ல இந்த மெஷின நிறுத்தறதுக்கு எத்தன வழி இருக்குன்னு பாருங்க."

அவன் காட்டியது இவ்வளவுதான். சிங்கிள் பிளாக் போட்டால் புரோகிராமில் ஒரு வரி ஓடி மெஷின் நின்றுவிடும். அடுத்த வரிக்கு நாம் மறுபடி பட்டனை அமுக்க வேண்டும். டூல் நகரும் வேகத்தை மாற்றும் ஃபீடு ஓவர்ரைடு திருகியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வெட்டிக்கொண்டு போகும் டூல் அப்படியே நிற்கும். ஸ்கிரீனில் இன்னும் எத்தனை எம்எம் போக வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்கு ஓடும். டூல் ஜாப்புக்கு ரெண்டு எம்எம் தள்ளி நிற்கிறது, ஸ்கிரீன் இன்னும் இருபது போக வேண்டும் என்கிறது என்றால், உடனே நிறுத்த வேண்டும். ஜாப்பே மாட்டாமல் காற்றிலேயே ஓட்டிப் பார்க்க டிரை ரன் இருக்கிறது. பயம் ரொம்ப இருந்தால் ஜாப் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் ஒர்க் ஆஃப்செட்டில் இசட்டை, அதாவது நீளவாக்கை, 100 எம்எம் வெளியே தள்ளிவிட்டு ஓட்டலாம், ஜாப்பைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்திலேயே டூல் போகாது.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். முதல் ஜாப்பை ஒருபோதும் சைஸுக்கு ஓட்டாதே என்றான். 30 எம்எம் ஷாஃப்ட் என்றால், டூல் தேய்மானத்துக்குத் திருத்தம் கொடுக்கும் வேர் ஆஃப்செட்டில், விட்டத்தைக் குறிக்கும் எக்ஸுக்கு 0.5 கூட்டிப் போடு. மெஷின் 30.5 ஆக வெட்டும். ஆறவிட்டு மைக்ரோமீட்டர் வைத்துப் பார். 30.47 என்று வந்தால் 0.47 எடுக்க வேண்டும். ஆஃப்செட்டில் போட்ட 0.5ல் 0.03ஐ வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடு. இன்னும் சந்தேகமா, 0.1 விட்டு நடுவில் ஒருமுறை வெட்டி அளந்து பார். ஷாஃப்ட் பெரிதாக இருக்கும்வரை எதுவும் கெட்டுப்போகவில்லை. சிறிதாகிவிட்டால்தான் ரிஜெக்ட்.

உள்விட்டத்துக்கு, அதாவது போரிங்குக்கு, இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே ஓட்டை சிறிதாக இருந்தால் பிழைத்தோம், பெரிதானால் போச்சு. ஆகவே 0.5 குறைத்துப் போட வேண்டும். ஷாஃப்ட்டுக்குப் பழகிய கை போரிங்கிலும் கூட்டல் குறியையே அமுக்கும். இதில் ஒரு தடவையாவது சறுக்காத ஆபரேட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்வது சிஎன்சி கற்றுக்கொடுக்க இல்லை. "முயற்சி செய், தோல்வியைக் கண்டு பயப்படாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எஸ்எஸ் 410 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு கையில் இருக்கும்போது பயப்படாமல் எப்படி இருப்பது? கெட்டால் பணம் போகும், பெயர் போகும். அந்தத் தம்பி என் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு நடந்தாலும் செலவு ஆகாதபடி வேலையை அமைத்துக் கொடுத்தான். பயம் தானாகக் குறைந்தது. இன்றைக்கு எதைப் புதிதாகக் கற்க உட்கார்ந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இங்கே அரை எம்எம் எங்கே விட்டு வைக்கலாம்? என் மைத்துனர் ஆபீஸில் முதல்முறையாகப் பெரிய கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்பே, கேலி செய்யாத ஒரே ஒரு ஆள் முன்னால் பேசிக் காட்டச் சொன்னேன். அவ்வளவுதான். அளந்து பார்க்க நேரம் இருக்கும்போது அளந்துவிட வேண்டும்.

எல்லாத் தப்பையும் செய்து பார்த்துக் கற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தன்னம்பிக்கைப் பேச்சுகளில் இது விடுபட்டுப் போகிறது. சிஎன்சியில் ஜி96 என்று ஒன்று உண்டு. டூல் வெட்டும் வேகத்தை ஒரே அளவாக வைத்திருக்கும். நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று கொடுத்தால், 50 எம்எம் விட்டத்தில் ஸ்பிண்டில் சுமார் 1,270 சுற்று சுற்றும். ஜாப்பின் முகப்பை வெட்டும் ஃபேஸிங்கைச் செய்துகொண்டே டூல் நடுவே வர வர விட்டம் குறைகிறது, சுற்று கூடிக்கொண்டே போகிறது. 10 எம்எம்மில் கணக்குப்படி 6,300ஐத் தாண்டும். அவ்வளவு வேகத்தில் சக்கின் பிடி தளரும். நீண்ட ராடாக இருந்தால் வளைந்து அடிக்கும், பிடி விட்டால் ஜாப் பறக்கும். ஜி50 போட்டு இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே என்று முன்கூட்டியே கட்டிப்போட வேண்டும். இதை ஒருவன் "அனுபவத்தில் கற்றுக்கொள்ளட்டும்" என்று விடுகிறவன் ஆசிரியன் இல்லை. கற்கிறவர்களும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: இந்த வேலையில் செய்து பார்க்கக் கூடாத தப்பு எது எது?

சரி, மெஷினுக்கு வருவோம். கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்தது. தெரியாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்ததில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. டேப்பர், அதாவது ஒரு முனையை நோக்கி விட்டம் குறையும் சரிவு, வெட்டுவதற்கு லேத்தில் டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்புவோம். பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்து, நீளத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் திருப்ப வேண்டிய கோணத்தின் டேன் மதிப்பு. 40க்கும் 30க்கும் நடுவே 50 நீளம் என்றால் 0.1, கோணம் ஐந்தே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஐடிஐயில் மனப்பாடம் செய்த ஃபார்முலா. சிஎன்சியில் ஸ்லைடைத் திருப்ப வேண்டியதே இல்லை, தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் கொடுத்தால் போதும். புள்ளி டிராயிங்கில் இல்லாதபோது அதே ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டு நாம் கண்டுபிடிக்க வேண்டும். டிப்ளமோ பையன்கள் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் பென்சிலில் போட்டுவிடுவேன்.

சில இடத்தில் பழைய அறிவு காலை வாரிவிடும். டூல் முனை ஊசி மாதிரி இருப்பதாக நினைத்துத்தான் லேத்தில் வேலை செய்தோம். உண்மையில் டூலில் மாட்டும் வெட்டு வில்லையான இன்சர்ட்டின் முனையில் 0.4 அல்லது 0.8 எம்எம் வளைவு இருக்கிறது. நேரான விட்டத்தில் இது தெரியவே தெரியாது. டேப்பரும் வளைவும் வரும்போது சைஸ் தவறும். அதற்கு ஜி42 கொடுத்து மெஷினுக்கு அந்த வளைவைச் சொல்ல வேண்டும். லேத்தில் இந்த வித்தியாசத்தைக் கையாலேயே சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், சரிக்கட்டுகிறோம் என்று தெரியாமலேயே. கை செய்துகொண்டிருந்ததை வாயால் சொல்ல முடியாமல் நான் திணறிய இடங்களில்தான் அதிகம் கற்றேன்.

நான் கொடுத்ததும் உண்டு. அந்தத் தம்பிக்குக் காது கிடையாது. கதவை மூடி கூலன்ட் அடித்துக்கொண்டிருந்தாலும் ஜாப் அதிர்கிறதா, இன்சர்ட் முனை உடைந்துவிட்டதா என்பது எனக்குக் கேட்கும். அவன் ஸ்கிரீனில் ஸ்பிண்டில் லோடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை வேறு வேறு வழியில் பிடித்தோம். இளையவனிடம் கற்பதில் இருந்த கூச்சம் எனக்குப் போனது பெருந்தன்மையால் இல்லை, கொடுக்க என்னிடமும் ஏதோ இருந்ததால். வயதில் மூத்தவர்களுக்குப் புதிய வேலை சொல்லித்தரும் இளைஞர்கள் இதைக் கவனித்தால் நல்லது. அவர்களிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் உதவிய பழக்கம் ஒரு சாதாரண நோட்டு. அளப்பதற்கு முன்னால் என்ன வரும் என்று எழுதுவேன். அப்புறம் அளந்து, வந்ததைப் பக்கத்தில் எழுதுவேன். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று ஒரு வரி. சும்மா அளந்து எழுதினால் அது ரிப்போர்ட், அதனால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. முதலில் ஊகத்தை எழுதிவிட்டால் நாம் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது முகத்தில் அடித்த மாதிரி தெரியும்.

உதாரணத்துக்கு ஒன்று. ஷாஃப்ட் மெஷினிலேயே அளந்தால் சரியாக இருக்கும், இன்ஸ்பெக்ஷன் மேசைக்குப் போனால் ஒரு பாயின்ட் குறையும். பாயின்ட் என்றால் எங்கள் பேச்சில் 0.01 எம்எம். மைக்ரோமீட்டரைத் திட்டினோம், இன்ஸ்பெக்டரைத் திட்டினோம். நோட்டைப் புரட்டியபோது இது எப்போதும் வேகமாக ஓட்டிய ஜாப்பில்தான் வருகிறது என்று தெரிந்தது. இரும்பு சூடானால் விரியும். 50 எம்எம் விட்டம் 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 0.012 எம்எம் பெருக்கும். வெட்டின சூட்டோடு அளந்தால் சரியாக இருப்பது ஆறினதும் குறையத்தான் செய்யும். காலையில் குளிர்ந்திருக்கும் மெஷின் மதியத்துக்குள் சூடேறி, அதனாலும் சைஸ் நகரும். ஐடிஐயில் வெப்ப விரிவு படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடம் இந்தப் பட்டறைக்குள் வந்துசேர நோட்டு தேவைப்பட்டது.

பிறகு ஒரு கம்பெனியில் இருந்தபோது பயிற்சி வகுப்பு என்று எங்களை ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். வந்தவர் வளர்ச்சி மனப்பான்மை, அதாவது திறமை பிறவியோடு முடிந்துவிடுவதில்லை, வளர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம், என்று பேசினார். பாறையைப் பிளந்து முளைத்த செடியின் படம் காட்டினார். "என்னால் முடியும்" என்று எல்லோரையும் எழுந்து நின்று சொல்லச் சொன்னார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த ஆட்கள் கொட்டாவி விட்டபடி சொன்னோம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் நடுவில் சொன்ன ஒரு ஆராய்ச்சி மனதில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மகளை விட்டு நெட்டில் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அமெரிக்க உளவியலாளர் கேரல் டிவெக், கிளாடியா முல்லர் என்பவரோடு சேர்ந்து 1998ல் வெளியிட்டது அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். முடித்ததும் சிலரிடம் நீ புத்திசாலி என்றும், சிலரிடம் நீ நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து எதை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகளில் அதிகம் பேர் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிர்களில் எல்லோரும் அடிபட்ட பிறகு, முதலில் கொடுத்தது போன்ற புதிர்களை மறுபடி கொடுத்தபோது இவர்கள் முன்பைவிடக் குறைவாக வாங்கினார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட அதிகம் வாங்கினார்கள். வேறு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மார்க்கை எழுதித் தரச் சொன்னபோது, புத்திசாலிப் பெயர் வாங்கியவர்களில்தான் அதிகம் பேர் கூட்டி எழுதினார்கள்.

"அவருக்குக் கை அப்படிங்க" என்று என்னைச் சொன்னபோது நடந்ததும் இதுதான். பெயர் கிடைத்த பிறகு அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிட்டது. சிஎன்சி பக்கம் போகாத மூத்த டர்னர்கள் எல்லோரும் நல்ல பெயர் வாங்கியவர்கள்.

மகள் இன்னொன்றும் படித்துச் சொன்னாள். 2019ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேருக்கு, மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடமாக இந்தக் கருத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மார்க் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 4க்குக் கணக்கிடும் முறையில் சராசரியாக 0.1 கூடியது. பெரிய மாயம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மோசமும் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்தது. கடினமானதை எடுத்துச் செய்வதை உடன் படிப்பவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் கிண்டல் செய்யும் இடத்தில் ஒருவன் மட்டும் மனசை மாற்றிக்கொண்டு என்ன செய்வான்?

இதை நான் ரெண்டு பட்டறைகளில் கண்ணால் பார்த்தவன். ஒரு இடத்தில் ரிஜெக்ட் ஆன ஜாப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். சுவர் பூராவும் முன்னேற்ற வாசகங்கள் ஒட்டியிருக்கும். கெட்ட ஜாப்பை எல்லோரும் சுருள் குவியலுக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். ராடு கணக்கு மாத முடிவில் உதைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. பகல் ஷிஃப்டில் ஒருவன் செய்த அதே தப்பை ராத்திரி ஷிஃப்டில் இன்னொருவன் முதலிலிருந்து செய்வான். அங்கே வேலை பார்த்தவர்கள் சோம்பேறிகள் இல்லை, புத்தி இல்லாதவர்களும் இல்லை. தெரியாது என்று சொன்னால் காசு போகும் இடத்தில் யார் சொல்வார்கள்?

இன்னொரு இடத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் சின்ன மேசை. கெட்ட ஜாப் அதன் மேல் வரும், கூடவே ஒரு சீட்டு. எந்த சைஸ் போனது, ஏன் என்று நினைக்கிறாய், என்ன மாற்றினாய். பெயர் எழுதக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவன் அந்த மேசையைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவான். ஆரம்பத்தில் மேசை நிறைந்து கிடந்தது, முதலாளிக்கே வயிற்றைக் கலக்கியது. புதைத்திருந்தால் தெரிந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்சர்ட் மாற்றியதும் ஆஃப்செட்டைச் சரிபார்க்காமல் ஓட்டுவதால்தான் பெரும்பாலும் போகிறது என்று சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. மாற்றிய பிறகு வரும் முதல் ஜாப்பில் அரை எம்எம் விட்டு ஓட்ட வேண்டும் என்று விதி போட்டோம். அந்த வகை ரிஜெக்ட் அதோடு அடங்கிவிட்டது. வேலை தேடும் பையன்களுக்கு நான் சொல்வது: இன்டர்வியூவுக்குப் போனால் சம்பளத்தோடு இதையும் விசாரியுங்கள். ஜாப் கெட்டுப்போனால் இங்கே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சொல்லும் பதிலைவிடச் சொல்பவரின் முகம் நிறையச் சொல்லும்.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களை என்னிடம்தான் விடுகிறார்கள். அவர்களைப் பாராட்டுவதில் எனக்குச் சில பழக்கங்கள் வந்துவிட்டன. "சூப்பர்டா" என்று சொல்வதில்லை. "ஆறவிட்டு அளந்தே பாரு, அதான் சரி" என்பேன். என்ன செய்ததால் சரியாக வந்தது என்று தெரிந்தால்தான் நாளைக்கும் அதையே செய்வான். சும்மா உழைத்துக்கொண்டே இருப்பதையும் பாராட்டுவதில்லை. ஒரு பையன் அதே தப்பு வழியில் நாள் முழுக்க மல்லுக்கட்டினால், "நல்லா உழைச்சே" என்று தட்டிக்கொடுப்பது அவனை ஏமாற்றுவது. டிவெக்கே 2015ல் இதை எச்சரித்து எழுதியிருக்கிறார் என்று மகள் சொன்னாள்: கற்றல் நடக்காதபோது முயற்சியை மட்டும் புகழ்வது இந்தக் கருத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது என்று. வழியை மாற்று, கேள், அப்புறம் மறுபடி முயற்சி செய்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இன்னொரு இடம் இங்கிலீஷ். அலாரம் சிவப்பில் வந்தால் பாதிப் பேர் படிக்காமலேயே ரீசெட்டை அமுக்குவார்கள். "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க சார்" என்பார்கள். ஒரு மெஷினில் வழக்கமாக வரும் அலாரங்களைக் கணக்கெடுத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஓவர் டிராவல், சர்வோ, ஏர் பிரஷர், லூப் ஆயில், பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தமும் செய்ய வேண்டியதும் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். அவர்களே எழுத வேண்டும், நான் எழுதித் தரமாட்டேன். பேட்டரி என்று வந்தால் மெஷினை ஆஃப் செய்யாமலேயே மாற்ற வேண்டும், ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் உள்ளே சேமித்தது போய்விடலாம். பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பது இது. இங்கிலீஷ் முழுதாகக் கற்க வேண்டும் என்று நினைத்து மலைத்துப்போனவர்கள் இந்த ஒரு பக்கத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

மனப்பான்மையால் ஆகாததும் உண்டு. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். வெர்னியரின் கோடு எனக்கு ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்தது. கொஞ்ச நாள் நான் என் மூளைக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கும் கண்ணாடி வாங்கிப் போட்டதும் ஸ்கிரீனும் வெர்னியரும் தெளிந்தன, வராது என்று நினைத்ததில் ஒரு பங்கு அன்றைக்கே வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படி என்று ஒருவனிடம் சொல்வதிலும் அர்த்தமில்லை. எனக்குக் கிடைத்த நேரம், ஞாயிற்றுக்கிழமை மெயின்டெனன்ஸ் முடிந்ததும் மெஷின் சும்மா இருக்கும் அரை மணி. முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். வேஸ்ட் ராடும் பழைய இன்சர்ட்டும் போதும் என்றேன், சரி என்றார். கேட்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தோன்றியிருக்காது.

கடைசியாக, காசு. இதைப் பேசாமல் வளர்ச்சி வளர்ச்சி என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. செட்டிங் கற்றுக்கொண்ட பிறகும் ஆபரேட்டர் சம்பளத்திலேயே வைத்திருக்கப் பார்ப்பார்கள். "உங்களுக்குத்தான் ஆர்வம் இருக்கே" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தேன். ஆரம்பத்தில் அரை நாள் இழுத்த செட்டிங் இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, மீதி நேரம் மெஷின் ஓடுகிறது, அது எத்தனை ஷாஃப்ட் என்று அவரையே கணக்குப் போடச் சொன்னேன். வெளியே செட்டருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். கேட்டதில் பாதியை அடுத்த மாதத்திலிருந்து கூட்டினார், மீதியைத் தீபாவளிக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். ஐப்பசி பிறந்ததும் மறுபடி போய் நின்றேன்.